கல்லூரிச் சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்கக் கேட்பது: எப்போது, யாரிடம், எப்படி?

#1 இளவேனில்

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இளங்கலைப் படிப்புக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. 2026 இலையுதிர் பருவத்தில் சேர வேண்டும், மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். ஓராண்டு கேப் இயர் எடுத்துவிட்டு 2027இல் சேர விருப்பம். சந்தேகங்கள் இவை: டெபாசிட் கட்டும் முன்பே கேட்பதா, கட்டிய பிறகா? கேட்டதாலேயே கையில் இருக்கும் இடம் போய்விடுமா? கொடுத்திருக்கும் ஸ்காலர்ஷிப் அடுத்த வருடமும் இருக்குமா? கடிதத்தில் என்ன எழுத வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சேர்க்கைமேசை

வாழ்த்துகள். பயப்பட வேண்டாம், கேட்டதற்காக இடத்தைப் பறிக்கும் வழக்கம் இல்லை. கோரிக்கையை மறுத்தால் இரண்டு வழி இருக்கும். இந்த வருடமே சேரலாம், அல்லது இடத்தை விட்டுவிடலாம்.

முதலில் கல்லூரியின் இணையதளத்தில் ‘அனுமதி பெற்ற மாணவர்கள்’ பக்கத்தைப் பாருங்கள். கேப் இயர், டெஃபரல் (சேர்க்கையைத் தள்ளிவைத்தல்) என்ற தலைப்பில் விதி இருக்கும். ஹார்வர்டு போன்ற சில இடங்களில் அனுமதி பெற்றவர்களை ஓராண்டு கழித்து வருவது பற்றி யோசிக்கச் சொல்லி அவர்களே ஊக்குவிக்கிறார்கள். பிரின்ஸ்டன் 2009 முதல் தன் செலவிலேயே மாணவர்களை 9 மாத வெளிநாட்டுச் சேவைக்கு அனுப்புகிறது. பிரிட்ஜ் இயர் என்று பெயர். இன்னொரு பக்கம், பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ராணுவப் பணி, உடல்நலம் போன்ற காரணங்களைத் தவிர வேறெதற்கும் சம்மதிக்க மாட்டார்கள். நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம். அங்கே ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியாகப் படித்து முடிவெடுப்பார்கள்.

வழக்கமான வரிசை இதுதான். மே 1க்குள் போர்ட்டலில் இடத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். டெபாசிட் கட்ட வேண்டும். அதன் பிறகு டெஃபரல் கோரிக்கை. பல கல்லூரிகளில் டெபாசிட் வராமல் கோரிக்கையைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கோரிக்கைக்கான கடைசி நாள் ஜூன் 1, ஜூன் 15, ஜூலை 1 என்று இடத்துக்கு இடம் மாறும். ஆனால் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும்தான் வெயிட்லிஸ்டிலிருந்து ஆள் எடுப்பார்கள். நீங்கள் மே முதல் வாரத்தில் கேட்டால் காலியாகும் உங்கள் இடத்தை அவர்களால் நிரப்ப முடியும். ஆகஸ்டில் கேட்டால் விடுதி அறை, வகுப்புப் பதிவு, நிதியுதவிக் கணக்கு எல்லாம் முடிந்திருக்கும், வெயிட்லிஸ்டும் கலைந்திருக்கும். அப்போது சம்மதித்தால் இந்த வருட வகுப்பில் ஓர் இடம் சும்மா கிடக்கும், அடுத்த வருடம் ஒரு தலை கூடும். அதனால்தான் தாமதமான கோரிக்கைகள் பெரும்பாலும் மறுக்கப்படுகின்றன.

#3 பனித்துளி

மேலே சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். முறையான கோரிக்கை டெபாசிட்டுக்குப் பிறகு என்பது சரி. ஆனால் விதி பற்றிய கேள்வியை மே 1க்கு முன்பே கேட்டுவிட வேண்டும். டெபாசிட் பெரும்பாலும் திரும்பி வராது. கட்டிய பிறகு “எங்களிடம் டெஃபரல் கிடையாது” என்று பதில் வந்தால், சம்மதித்திருக்கக்கூடிய இன்னொரு கல்லூரியின் இடத்தை அதற்குள் விட்டிருப்பீர்கள்.

உங்கள் பகுதிக்குப் பொறுப்பான சேர்க்கை அதிகாரிக்கு நான்கு வரி மின்னஞ்சல் போதும்:

“இலையுதிர் பருவத்துக்கு எனக்கு அனுமதி கிடைத்துள்ளது. சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைப்பது பற்றி யோசிக்கிறேன். (1) என் படிப்புக்கு டெஃபரல் அனுமதி உண்டா? (2) கோரிக்கைக்கான கடைசி நாள் எது? (3) எனக்கு வழங்கப்பட்ட ஸ்காலர்ஷிப் அடுத்த ஆண்டுக்கும் செல்லுமா, மீண்டும் பரிசீலிக்கப்படுமா? (4) டெபாசிட் அடுத்த ஆண்டுக்கு வரவு வைக்கப்படுமா?”

தொலைபேசியில் கேட்டாலும் அதன் சாரத்தை அன்றே மின்னஞ்சலாக அனுப்பி “நான் புரிந்துகொண்டது சரிதானா” என்று கேட்டு வையுங்கள். ஓராண்டு கழித்து அதே அதிகாரி அந்த நாற்காலியில் இருப்பார் என்று சொல்ல முடியாது.

#4 சேர்க்கைமேசை

ஏற்கிறேன், அந்த மின்னஞ்சல் அவசியம். இன்னொன்றையும் சொல்கிறேன்: எர்லி டிசிஷன் வழியில் அனுமதி பெற்றவர்கள் சேர்வதாக ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள். டெஃபரலை மறுத்துவிட்டார்கள் என்பது அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியேறப் போதுமான காரணமாகாது. அவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே இந்த விதியைப் படித்திருக்க வேண்டும்.

வெயிட்லிஸ்டிலிருந்து வந்தவர்களுக்கும் வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்களுக்கும் பல இடங்களில் டெஃபரல் இல்லை. வெயிட்லிஸ்டில் இருப்பவரை எடுப்பதே இந்த வருட வகுப்பை நிரப்பத்தானே. செவிலியர் படிப்பு, குரல் அல்லது வாத்தியத் தேர்வு வைத்துச் சேர்க்கும் இசைப் படிப்பு, இளங்கலையோடு மருத்துவத்தையும் சேர்த்துத் தரும் படிப்பு இவற்றில் இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. கல்லூரி சம்மதித்தாலும் துறை தனியாகச் சம்மதிக்க வேண்டியிருக்கும். “என் துறையும் ஒப்புக்கொண்டதா?” என்று கேட்டு வாங்குங்கள்.

#5 இளவேனில்

மிக்க நன்றி. விதியைப் படித்துவிட்டேன், என் படிப்புக்கு அனுமதி உண்டு. கோரிக்கை 500 சொற்களுக்குள் இருக்க வேண்டுமாம். என் வரைவு இது, தயங்காமல் குறை சொல்லுங்கள்:

“மதிப்பிற்குரிய சேர்க்கைக் குழுவினருக்கு, இத்தனை வருடத் தொடர் படிப்பால் மிகவும் களைத்துவிட்டேன். ஓராண்டு ஓய்வெடுத்து, என்னை நானே புரிந்துகொண்டு, பயணங்கள் செய்து, சமூக சேவையிலும் ஈடுபட விரும்புகிறேன். இந்த அனுபவம் என்னை முதிர்ச்சியுள்ள மாணவராக மாற்றும் என்று நம்புகிறேன். என் எதிர்காலம் பற்றித் தெளிவாக முடிவெடுக்கவும் இந்த ஆண்டு உதவும். ஆகவே என் சேர்க்கையைத் தள்ளிவைக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.”

#6 நெய்தல்

வரிவரியாகப் பார்ப்போம்.

“மிகவும் களைத்துவிட்டேன்”: உண்மையாகவே இருக்கட்டும், ஆனால் முதல் வரியில் வேண்டாம். படிப்பவர் மனதில் “இவர் அடுத்த வருடமும் களைப்பாகத்தான் இருப்பாரோ” என்ற கேள்வி எழும், அதற்குக் கடிதத்தில் பதில் இல்லை.

“பயணங்கள் செய்து, சமூக சேவையிலும் ஈடுபட”: எங்கே, எந்த மாதம், யாரோடு, வாரம் எத்தனை மணி நேரம்? எதுவும் இல்லை. சேர்க்கை அலுவலகத்துக்கு இப்படி எழுதும் கடிதங்கள் நிறைய வரும்.

“என் எதிர்காலம் பற்றித் தெளிவாக முடிவெடுக்கவும்”: இந்த ஒரு வரிதான் கோரிக்கையைக் கவிழ்க்கும். நீங்கள் வராமலே போகலாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிட்டது. அடுத்த வருட வகுப்பில் ஓர் இடத்தை உங்களுக்காக இப்போதே ஒதுக்கி வைக்கப் போகிறார்கள். ‘இவர் கண்டிப்பாக வருவாரா’ என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. அதற்கு உங்கள் வரைவில் ஒரு சொல்கூட இல்லை.

இல்லாமல் போன மற்றவை: எந்தப் பருவத்திலிருந்து எந்தப் பருவத்துக்கு, விண்ணப்ப எண், இடத்தை ஏற்றுக்கொண்ட தேதி, பணம் எங்கிருந்து வரும், வேறு பட்டப்படிப்பில் சேரமாட்டேன் என்ற உறுதி.

அதே விஷயத்தை இப்படிக் கட்டலாம். ஆங்கிலத்தில் எழுதும்போதும் இந்த வரிசையையே வைத்துக்கொள்ளுங்கள், விவரங்களை மட்டும் உங்களுடையதாக மாற்றுங்கள்:

“2026 இலையுதிர் பருவத்தில் சேர அனுமதி அளித்ததற்கு நன்றி. ஏப்ரல் 24 அன்று இடத்தை ஏற்று டெபாசிட் செலுத்திவிட்டேன். என் சேர்க்கையை 2027 இலையுதிர் பருவத்துக்குத் தள்ளிவைக்க அனுமதி கோருகிறேன்.

செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஒரு நூலகத்தில் வாரம் 20 மணி நேரம் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து அட்டவணைப்படுத்தும் தன்னார்வப் பணி செய்யவிருக்கிறேன். நூலகரின் ஒப்புதல் கடிதம் இணைப்பில் உள்ளது. நான் தேர்ந்தெடுத்துள்ள வரலாற்றுப் படிப்பில் மூல ஆவணங்களைக் கையாள்வது அடிப்படையானது. அந்தப் பழக்கத்தோடு வகுப்புக்கு வர விரும்புகிறேன். பிப்ரவரி முதல் மே வரை கல்லூரி கிரெடிட் இல்லாத பிரெஞ்சு மொழி வகுப்பு. ஜூன், ஜூலையில் நூலகப் பணியின் இரண்டாம் கட்டம்; அது கிடைக்காவிட்டால் அதே இதழ்களின் அட்டவணையை வீட்டிலிருந்தே முடிப்பேன்.

வீட்டிலேயே தங்குவதால் தனிச் செலவு வகுப்புக் கட்டணமும் போக்குவரத்தும் மட்டுமே. அதைக் குடும்பம் ஏற்கிறது.

இந்த ஆண்டில் வேறு எந்தப் பட்டப்படிப்பிலும் சேரமாட்டேன், வேறு கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கவும் மாட்டேன். 2027 ஆகஸ்டில் உங்கள் கல்லூரியில் சேர்வேன்.”

கவனியுங்கள், திட்டம் ஒன்றும் பிரம்மாண்டமானது இல்லை. கண்டம் விட்டுக் கண்டம் போக வேண்டியதில்லை. மாதம், மணி நேரம், பொறுப்பாளர், தவறினால் மாற்று வழி ஆகிய நான்கும் இருந்தால் எளிய திட்டமும் நிற்கும். காசு கொடுத்துச் சேரும் கேப் இயர் நிறுவனங்களின் விளம்பரத் தாளைக் கடிதத்தோடு இணைப்பதால் கூடுதல் மதிப்பு எதுவும் கிடையாது.

#7 வானவில்

நெய்தல் அருமையாகத் திருத்தியிருக்கிறீர்கள். ஆனால் களைப்பை முழுக்க மறைக்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. மனநலம் காரணமாகவே தள்ளிவைக்க வேண்டிய மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நூலகம், பிரெஞ்சு என்று பொய்த் திட்டம் போட்டுக் கொடுப்பது ஆபத்தானது.

#8 நெய்தல்

அது வேறு பாதை வானவில், சொன்னது நல்லதாயிற்று. நான் பேசியது சாதாரணக் களைப்பைப் பற்றி. சிகிச்சை தேவைப்படும் நிலை என்றால் உடல்நலக் காரணம் என்றே கேட்க வேண்டும். பல கல்லூரிகளில் பொதுவான கடைசி நாள் முடிந்த பிறகும் இதைப் பரிசீலிப்பார்கள். வேண்டியது மருத்துவரின் கடிதம் ஒன்று. அதில் மூன்று விஷயங்கள் இருந்தால் போதும்: மாணவர் தன் பராமரிப்பில் இருக்கிறார், இந்தப் பருவத்தில் முழுநேரப் படிப்பைத் தொடங்குவது மருத்துவ ரீதியாக உகந்ததல்ல, எப்போது தொடங்க முடியும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. நோயின் பெயர், மருந்துப் பட்டியல், மருத்துவமனைக் கோப்பு எதையும் நீங்களாக முன்வந்து அனுப்பாதீர்கள். கேட்டால் எதற்காகக் கேட்கிறார்கள், யார் பார்ப்பார்கள் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். சேரும் முன் ‘தயார்’ என்று மருத்துவரிடமிருந்து இன்னொரு கடிதம் கேட்கலாம், அதையும் இப்போதே விசாரித்து வையுங்கள்.

#9 கணக்குப்புத்தகம்

ஸ்காலர்ஷிப் கேள்வி அப்படியே நிற்கிறது, அதற்கு வருகிறேன். இரண்டு வகைப் பணத்தைப் பிரித்துப் பாருங்கள்.

மெரிட் ஸ்காலர்ஷிப்: கல்லூரி சம்மதித்தால் அடுத்த ஆண்டுக்கு நகரும். சம்மதிக்காவிட்டால் சேர்க்கை மட்டும் நகரும், பணம் போய்விடும். டெஃபரல் ஒப்புதல் கடிதத்தில் ஸ்காலர்ஷிப்பின் பெயர், தொகை, எத்தனை ஆண்டு என்பது அச்சாகி வரவேண்டும். “உங்கள் சேர்க்கை தள்ளிவைக்கப்பட்டது” என்ற ஒரு வரிக் கடிதம் பணத்துக்கு உத்தரவாதம் ஆகாது. வெளி அறக்கட்டளைகள் தரும் தொகை என்றால் அவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். பல அறக்கட்டளைகள் அந்த ஆண்டே செலவாக வேண்டும் என்று விதி வைத்திருக்கும்.

தேவை அடிப்படையிலான உதவி: இது நகரவே நகராது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கணக்கிடப்படும். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் ஃபாஃப்சாவை (அமெரிக்க அரசின் நிதியுதவிப் படிவம்) மீண்டும் நிரப்ப வேண்டும். சர்வதேச மாணவர்கள் அந்தக் கல்லூரி கேட்கும் படிவத்தை, பெரும்பாலும் சிஎஸ்எஸ் புரொஃபைலை, மீண்டும் நிரப்ப வேண்டும். கல்விக் கட்டணமும் 2027இல் என்னவோ அதுதான், 2026 கட்டணத்தைப் பிடித்து வைக்க முடியாது.

வேலை பார்க்கப் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஃபாஃப்சா இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருமானத்தைப் பார்க்கும். 2027–28 கல்வியாண்டுக்கு 2025 வருமானம். ஆகவே கேப் இயரில் சம்பாதித்தது முதல் வருட உதவிக்கான வருமானக் கணக்கில் வராது. 2026இல் சம்பாதித்தது 2028–29 கணக்கிலும், 2027இல் சம்பாதித்தது 2029–30 கணக்கிலும் வந்து நிற்கும். மாணவரின் வருமானத்தில் குறிப்பிட்ட வரம்புக்கு மேலே உள்ளதில் பாதியையும், அவர் பெயரில் இருக்கும் சேமிப்பில் 20 சதவீதத்தையும் ‘கல்விக்குக் கொடுக்க முடிந்த தொகை’ என்று எடுத்துக்கொள்வார்கள். வேலையே செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. இரண்டாம், மூன்றாம் ஆண்டில் உதவி குறைந்தால் காரணம் இதுதான் என்று தெரிந்து, அந்தப் பணத்தை அதற்கே எடுத்து வையுங்கள்.

அண்ணன், தங்கை இருவரும் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தால் உதவி கூடும் என்று நினைத்துக் கேப் இயரைத் திட்டமிடுபவர்களும் உண்டு. 2024–25 முதல் ஃபாஃப்சா கணக்கில் அந்தச் சலுகை இல்லை. சிஎஸ்எஸ் புரொஃபைல் பயன்படுத்தும் சில கல்லூரிகள் இன்னும் பார்க்கின்றன.

#10 முல்லைக்கொடி

கணக்குப்புத்தகம் சார், அமெரிக்காவிலேயே இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு கேள்வி. கேப் இயரில் பிள்ளை மாணவர் இல்லையே, பெற்றோரின் மருத்துவக் காப்பீடும், பிள்ளையைச் சார்ந்தவராகக் காட்டிப் பெறும் வரிச் சலுகையும் போய்விடுமா? 529 (கல்விக்கான வரிச்சலுகைக் கணக்கு) சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கலாமா?

#11 கணக்குப்புத்தகம்

காப்பீட்டுக்குப் பிரச்சினை இல்லை. 26 வயது வரை பெற்றோரின் திட்டத்தில் இருக்கலாம், மாணவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வெளிநாடு போவதாக இருந்தால் மட்டும் அங்கே அந்தக் காப்பீடு செல்லுமா என்று பாருங்கள்.

வரிக்கணக்கு கொஞ்சம் நுணுக்கம். டிசம்பர் 31 அன்று பிள்ளைக்கு இன்னும் 19 ஆகவில்லை என்றால் கவலையே வேண்டாம். 19 ஆகிவிட்டால், அந்தக் காலண்டர் ஆண்டின் 5 மாதங்களில் ஒரு பகுதியாவது முழுநேர மாணவராக இருந்திருக்க வேண்டும். 2026இல் ஜனவரி முதல் மே வரை உயர்நிலைப் பள்ளி, 5 மாதம் ஆயிற்று. 2027இல் ஆகஸ்டு கடைசி வாரத்தில் வகுப்பு தொடங்கினாலும் ஆகஸ்டு ஒரு மாதமாகச் சேரும், டிசம்பர் வரை 5 மாதம் ஆயிற்று. செப்டம்பரில் தொடங்கும் கல்லூரி என்றால் 4 மாதம்தான். குவார்ட்டர் முறைக் (ஆண்டை நான்கு பருவமாகப் பிரிக்கும்) கல்லூரிகள் பல செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும். அப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்கள் அந்த ஆண்டு கணக்குத் தாக்கல் செய்யும்போது வரி ஆலோசகரிடம் இதைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

529 பணத்தை, அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனமாக இல்லாத கேப் இயர் நிறுவனத்துக்குக் கட்டினால், அதில் வளர்ந்த பகுதிக்கு வருமான வரியும் கூடுதலாக 10 சதவீத அபராதமும் வரும். தொடாமல் விடுவதே நல்லது.

#12 முல்லைக்கொடி

நன்றி சார். ஹெச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகள்?

#13 துறைமுகம்

ஹெச்-4 பிள்ளைகள் வேலை செய்யக் கூடாது, ஊதியத்தோடு கூடிய இன்டர்ன்ஷிப்பும் கூடாது. ஹெச்-4க்கான வேலை அனுமதி அட்டை தகுதியுள்ள வாழ்க்கைத் துணைக்குத்தான், பிள்ளைகளுக்கு இல்லை. ஆகவே திட்டத்தில் உண்மையான தன்னார்வப் பணி, மொழி, சொந்த ஆய்வு இவைதான் வர வேண்டும். மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் அதே வேலையை நீங்கள் இலவசமாகச் செய்வதும் தன்னார்வப் பணி ஆகாது, அங்கே கவனம் தேவை. இன்னொன்று வயது. 21 ஆனதும் ஹெச்-4 முடியும். கேப் இயர் எடுத்தால் கல்லூரியின் நடுவில் மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறும் நாள் ஒரு படிப்பாண்டு முன்னால் வந்து நிற்கும். கிரீன் கார்டு வரிசையில் இருக்கும் குடும்பங்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து எஃப்-1இல் வரப் போகிறவர்களுக்கு (இளவேனில், இது உங்களுக்கும்): சேர்க்கை அலுவலகம் சம்மதித்ததோடு வேலை முடியாது. சர்வதேச மாணவர் அலுவலகம் தனி. அவர்களுக்கும் எழுதுங்கள். ஐ-20 (விசாவுக்காகக் கல்லூரி தரும் சான்றுப் படிவம்) இன்னும் வாங்கவில்லை என்றால் 2026க்கான ஐ-20 வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே வந்துவிட்டது என்றால், அதில் உள்ள தொடக்கத் தேதிக்கு முன்பே சொல்லி செவிஸ் (அமெரிக்க அரசின் சர்வதேச மாணவர் பதிவேடு) பதிவில் தேதியை மாற்றச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நீங்கள் வந்து சேராதவராகப் பதிவாகி அந்தப் பதிவே முடிந்துவிடும். செவிஸுக்கான 350 டாலர் ஐ-901 கட்டணம் கட்டியிருந்தால் “அதே செவிஸ் எண் தொடருமா, புதிய எண்ணா?” என்று கேளுங்கள். அதே எண் என்றால் கட்டணம் அப்படியே நிற்கும். புதிய எண் என்றால் கட்டணத்தை அதற்கு மாற்றிக் கேட்க வேண்டும், காலக்கெடு உண்டு.

விசாவைப் படிப்பு தொடங்கும் நாளுக்கு 365 நாள் முன்பிருந்தே தர முடியும், ஆனால் நாட்டுக்குள் நுழைவது 30 நாளுக்கு முன்னால் கூடாது. “முன்னாலேயே போய் ஊர் சுற்றிவிட்டுச் சேரலாம்” என்ற திட்டம் எஃப்-1இல் நடக்காது. வங்கிச் சான்று, கடன் அனுமதிக் கடிதம் எல்லாம் புதிதாகக் கேட்பார்கள். டோஃபல், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்கள் 2 ஆண்டுதான் செல்லும். அனுமதியின்போது ஏற்ற மதிப்பெண்ணை அடுத்த ஆண்டும் ஏற்பார்களா என்பதை ஒப்புதல் கடிதம் வாங்கும்போதே கேட்டு முடியுங்கள்.

#14 தேம்ஸ்கரை

பிரிட்டனுக்குப் போகிறவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள், அதனால் சுருக்கமாக. யூகாஸ் (பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) படிவத்தில் விண்ணப்பிக்கும்போதே தொடக்கத் தேதியை அடுத்த ஆண்டாகத் தேர்ந்தெடுக்கலாம். எல்லாப் படிப்புக்கும் ஏற்க மாட்டார்கள். கணிதத் துறைகள் சிலவற்றில் கை விட்டுப்போகும் என்று தயங்குவார்கள், முதலில் துறைக்கு எழுதிக் கேளுங்கள். 2026 சேர்க்கையிலிருந்து தன்விவரக் கட்டுரை மூன்று கேள்விகளாகிவிட்டது, மொத்தம் 4,000 எழுத்து. மூன்றாவது கேள்வி வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள் என்பது. கேப் இயர் திட்டத்துக்கு அதுதான் இடம்.

விண்ணப்பித்த பிறகு மனம் மாறினால் பல்கலைக்கழகத்துக்கு நேராக எழுதுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் யூகாஸ் பதிவை அவர்களே மாற்றுவார்கள். சேர்வது அடுத்த ஆண்டு என்றாலும் மதிப்பெண் நிபந்தனையை விண்ணப்பித்த ஆண்டின் ஆகஸ்டு 31க்குள் நிறைவேற்ற வேண்டும், இதில் ஏமாறுபவர்கள் நிறைய. தள்ளிவைத்த இடத்தைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த சுற்றில் யூகாஸ் வழியாகப் புதிதாக விண்ணப்பிக்கவும் முடியாது. அதை விட்டால்தான் இதற்கு வழி.

#15 மெர்லயன்

சிங்கப்பூர்ப் பையன்களுக்கு: தேசிய சேவை சுமார் 2 ஆண்டு என்பதால் ஓராண்டு டெஃபரல் போதாது. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் இடத்தை ஒதுக்கி வைக்கும், அது பழகிப்போன நடைமுறை. அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் கட்டாய ராணுவச் சேவைக்கு 2 ஆண்டு தருகின்றன, ஆனால் விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். கோரிக்கையோடு சேவை அழைப்புக் கடிதத்தை இணைத்துவிட்டால் நீண்ட விளக்கக் கட்டுரை தேவைப்படாது. ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இந்த 2 ஆண்டுக்குள் காலாவதியாகிவிடும், மேலே துறைமுகம் சொன்னதை இரட்டிப்புக் கவனத்தோடு படியுங்கள்.

#16 புதுமுகம்

ஒரு சின்னச் சந்தேகம். தேர்வுத் தரவரிசை வைத்துக் கலந்தாய்வில் இடம் கிடைத்தால் அதைத் தள்ளிவைக்க முடியுமா?

#17 சேர்க்கைமேசை

முடியாது. அங்கே இடம் அந்த ஆண்டின் தரவரிசையோடு கட்டுண்டது. சேராவிட்டால் அடுத்தவருக்குப் போகும். அடுத்த ஆண்டு சேர வேண்டும் என்றால் மறுபடி கலந்தாய்வுதான், தேர்வை மறுபடி எழுத வேண்டுமா, விட்ட இடத்துக்குத் தண்டனை உண்டா என்பதை அந்தத் தேர்வின் விதித்தாளில் பார்த்துவிட்டு விடுங்கள்.

#18 வானவில்

பலர் சறுக்கும் இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. கேப் இயரில் “சும்மா இருப்பானேன்” என்று உள்ளூர்க் கல்லூரியில் நாலைந்து பாடம் எடுப்பது. பல கல்லூரிகள் டெஃபரல் காலத்தில் பட்டப்படிப்புக்கான பாடம் எடுக்கவே தடை போடும். சில இடங்களில் முன்னனுமதியோடு ஒன்றிரண்டு எடுக்கலாம். மீறினால் முதலாண்டு மாணவர் என்ற நிலை போய், மாறி வருபவராகப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டி வரும். அதோடு முதலாண்டு மாணவர்களுக்கான ஸ்காலர்ஷிப்பும் போகும். கிரெடிட் இல்லாத மொழி வகுப்பு, சான்றிதழ் வகுப்பு இவற்றுக்குப் பொதுவாகத் தடையில்லை. எதை எடுப்பதானாலும் பாடத்தின் பெயரை எழுதி அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

இரண்டு கல்லூரிகளில் டெபாசிட் கட்டி இரண்டிலும் டெஃபரல் வாங்கி வைப்பதும் இதே ரகம். தெரியவந்தால் இரண்டும் ரத்தாகலாம். அதைவிட, வெயிட்லிஸ்டில் காத்திருக்கும் யாரோ ஒரு மாணவரின் இடத்தை ஓராண்டு பூட்டி வைப்பது அது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

#19 நெய்தல்

மறுப்பு வந்தால் என்ன செய்வது என்பதையும் பேசிவிடலாம். அன்றே கோபத்தில் இடத்தை விட்டுவிடாதீர்கள். ‘காரணம் என்ன, கூடுதல் விவரம் கொடுத்தால் மறுபரிசீலனை உண்டா’ என்று ஒரு முறை கேட்கலாம். திட்டம் தெளிவில்லை என்பது காரணமாக இருந்தால் ஒப்புதல் கடிதங்களோடு திருத்தி அனுப்ப வாய்ப்பு இருக்கிறது. அடுத்த ஆண்டு வகுப்பு நிரம்பும் என்பது காரணமானால் எத்தனை கடிதம் எழுதியும் பயனில்லை. அப்போது கேட்க வேண்டியது, ஒரு பருவம் மட்டும் தள்ளி ஜனவரியிலோ பிப்ரவரியிலோ சேர முடியுமா என்று. மிடில்பரி போல ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதி மாணவர்களைப் பிப்ரவரியில் சேர்க்கும் கல்லூரிகள் இருக்கின்றன. இன்னொரு வழி, இந்த ஆண்டே சேர்ந்து ஒரு வருடம் படித்துவிட்டுக் கல்லூரி விடுப்பு எடுப்பது. அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இது சுலபம். எஃப்-1இல் இருப்பவர்கள் விடுப்பு எடுத்தால் பொதுவாக நாட்டை விட்டு வெளியேற வேண்டியிருக்கும்.

இடத்தை விட்டுவிட்டு மறுபடி விண்ணப்பிப்பது கடைசி வழி. ஒரு முறை கொடுத்தார்கள் என்பதால் மறுமுறையும் கொடுப்பார்கள் என்று நம்பி இறங்க வேண்டாம்.

#20 இளவேனில்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நெய்தல் சொன்ன வரிசையில் கடிதத்தை முழுக்க மாற்றி எழுதி அனுப்பினேன். டெஃபரல் ஒப்புதல் வந்துவிட்டது, ஸ்காலர்ஷிப் தொகையும் கடிதத்தில் இருக்கிறது. கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லி நிபந்தனைத் தாள் ஒன்று வந்திருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

#21 சேர்க்கைமேசை

நல்ல செய்தி! ஐந்து இடங்களைப் பாருங்கள். சேரும் பருவம் ‘2027 இலையுதிர்’ என்று அச்சாகியிருக்கிறதா. வருவதை மறு உறுதி செய்ய வேண்டிய தேதி எது. ஜனவரி முதல் மார்ச் வரை ஏதாவது ஒரு நாளாக இருக்கும், அதைத் தவறவிட்டால் இடம் தானாகக் கழன்றுவிடும். நடுவில் முன்னேற்ற அறிக்கை கேட்கிறார்களா. திட்டம் மாறினால் தெரிவிக்க வேண்டுமா. இறுதி மதிப்பெண் பட்டியலை எப்போது அனுப்ப வேண்டும். இந்தக் கடைசி ஒன்றில்தான் குழப்பம் வரும். ஓராண்டு கழித்துச் சேர்ந்தாலும் மதிப்பெண் பட்டியலைப் பெரும்பாலும் இந்தக் கோடையிலேயே கேட்பார்கள். பள்ளி அலுவலகம் திறந்திருக்கும்போதே அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

விடுதி டெபாசிட், புதுமுக வார முன்பதிவு, உணவுத் திட்டம் இவற்றுக்கு ஏற்கெனவே பதிவு செய்திருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ரத்து செய்யுங்கள். சேர்க்கை அலுவலகம் அவர்களுக்குச் சொல்லும் என்று இருந்துவிட்டால் ஆகஸ்டில் பில் வந்து நிற்கும்.

#22 துறைமுகம்

கூடவே ஒன்று. பள்ளி கொடுத்த மின்னஞ்சல் முகவரியைக் கல்லூரிப் போர்ட்டலில் வைத்திருந்தால் இன்றே சொந்த முகவரிக்கு மாற்றுங்கள். பள்ளி முடிந்த சில மாதங்களில் அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள், மறு உறுதிப் படிவம் அங்கேதான் போய்ச் சேரும்.

#23 இளவேனில்

பள்ளி முகவரிதான் இருந்தது. இப்போதே மாற்றிவிட்டேன். மறு உறுதித் தேதி பிப்ரவரி 15 என்று போட்டிருக்கிறது, குறித்து வைத்துக்கொண்டேன்.